பால்டர்ஸ் கேட் 2: மாட் நிறுவலில் வரும் சிக்கல்கள்

பயோவேர் உருவாக்கி 2000இல் வெளிவந்த கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டு பால்டர்ஸ் கேட் 2. விளையாட்டை மாற்றியமைக்க ரசிகர்கள் எழுதும் மாட்கள் பெரும்பாலும் வெய்டியூ என்னும் கருவி வழியே இதில் நிறுவப்படுகின்றன. இக்கருவி கோப்புகளை ஓவர்ரைடு கோப்புறையில் சேர்ப்பதோடு, விளையாட்டின் உரைகள் யாவும் அடங்கிய டயலாக்.டிஎல்கே கோப்பையும் திருத்துகிறது. எனவே நிறுவிய கோப்புகளைக் கையால் அழிப்பது தீர்வாகாது. நீக்குவதையும் வெய்டியூ வழியாகவே செய்ய வேண்டும்.

சிக்கல்களுள் முதன்மையானது வரிசைப் பிழை. ஒரு மாட் திருத்திய கோப்பை அடுத்தது அப்படியே மாற்றி எழுதினால் முந்தையதன் வேலை மறைந்துபோகும். நிறுவிய வரிசை வெய்டியூ.லாக் கோப்பில் பதிவாகிறது. கோளாறு கண்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இடையிலுள்ள ஒரு மாட்டை நீக்கினால், அதற்குப் பின் நிறுவியவை அனைத்தும் கழற்றப்பட்டு மீண்டும் நிறுவப்படும். நீண்ட பட்டியலில் இது பெரும்பாடு. அதைவிட விளையாட்டைப் புதிதாக நிறுவித் தொடங்குவதே மேல்.

விண்டோஸில் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் விளையாட்டு இருந்தால் எழுதும் அனுமதி மறுக்கப்படலாம். வேறிடத்தில் நிறுவுவது நல்லது. பழைய பதிப்புக்கான மாட்கள் பல, 2013இல் வந்த மேம்பட்ட பதிப்பில் இயங்குவதில்லை. முன்பே சேமித்து வைத்த ஆட்டத்தில் புதிய மாட்டின் மாற்றங்கள் முழுமையாகத் தெரியாமல் போவதுண்டு. நிறுவும் முன் மாட் ஏதும் சேராத விளையாட்டுக் கோப்புறையை நகலெடுத்து வையுங்கள்.