பாலம் நிற்கிறது, தெரு எங்கே?



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் தடத்துக்கு மேலே நிற்கும் கான்கிரீட் சாலைப் பாலங்களின் வரலாறு. தொலைதூரக் கதை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 1873-இல் ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-இல் பாபாசாகேப் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்கு அம்மக்கள் அளித்த மனுவின் படியைக் கேட்டார். அந்த மக்களின் வரலாற்றோடு நமக்குப் பழைய உறவு உண்டு.

டெட்ராய்ட் ஆற்றங்கரையிலிருந்து வடக்கே போன கிராண்ட் டிரங்க் ரயில் தடம், தொடக்கத்தில் தெருக்களின் மட்டத்திலேயே ஓடியது. மோட்டார் வாகனங்கள் பெருகிய 1920-களில், லெவல் கிராசிங்குகளை ஒழிப்பதற்காகத் தடத்தைத் தெருமட்டத்துக்குச் சுமார் 25 அடி கீழே இறக்கினார்கள். இருபுறமும் கான்கிரீட் தாங்குசுவர்கள் எழுந்தன. குறுக்கே வந்த தெருக்கள் பாலங்களின் மேல் கடந்தன. இந்தப் பள்ளத் தடத்துக்கு டெக்விண்டர் கட் என்று பெயர்.

இந்தத் தடம் ஒரு குடியிருப்பின் எல்லையாகவும் இருந்தது. தடத்துக்கு மேற்கே இருந்தது பிளாக் பாட்டம். பிரெஞ்சுக் குடியேறிகள் கண்ட கரிய வளமான மண்ணால் வந்த பெயர் அது. 1910-இல் டெட்ராய்ட்டில் ஏறத்தாழ 5,700 கறுப்பின மக்களே இருந்தார்கள். தென்மாநிலங்களின் நிறவெறிக்குத் தப்பி, தொழிற்சாலை வேலை தேடி வந்தவர்களால் 1930-இல் அந்த எண்ணிக்கை 1,20,000 ஆயிற்று. வந்தவர்களுக்கு ஊருக்குள் எங்கும் வீடு கிடைக்கவில்லை. கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதி வைத்திருந்தார்கள். அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் செயல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல்தான் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்குக் காரணமான வழக்குகளில் ஒன்று டெட்ராய்ட்டைச் சேர்ந்தது. போக இடமில்லாத மக்கள் பிளாக் பாட்டத்திலும் அதையடுத்த பாரடைஸ் வேலியிலும் நெருங்கி வாழ்ந்தார்கள். அங்கேதான் கடைகளையும் தேவாலயங்களையும் இசை அரங்குகளையும் கட்டி எழுப்பினார்கள். பாடகி அரேதா ஃபிராங்க்ளினின் தந்தை போதகராக இருந்த நியூ பெத்தேல் தேவாலயம் ஹேஸ்டிங்ஸ் தெருவில் இருந்தது.

மக்களை ஓரிடத்தில் அடைத்து வைத்த அதிகாரமே, பிறகு அந்த நெரிசலைக் காட்டி அதைச் ‘சீர்கெட்ட பகுதி’ என்றது. 1950-களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் பிளாக் பாட்டம் இடிக்கப்பட்டது. தரைமட்டமான நிலம் சில ஆண்டுகள் களை மண்டிக் கிடந்தது. பின்னர் அங்கே லஃபாயெட் பார்க் குடியிருப்பு எழுந்தது. வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே வாடகை கட்டி வாழ வசதி இல்லை. 1959-இல் தொடங்கிய கிரைஸ்லர் நெடுஞ்சாலைப் பணி ஹேஸ்டிங்ஸ் தெருவை விழுங்கியது. வீடிழந்த பலர் குடியேறிய பன்னிரண்டாம் தெருப் பகுதியில்தான் 1967-இன் எழுச்சி வெடித்தது.

பள்ளத்தில் ஓடிய பயணியர் ரயில் 1983-இல் நின்றது. பின்னர் தடமே கைவிடப்பட்டது. 2009-இல் அதன் ஒரு பகுதி நடைபாதையாகவும் மிதிவண்டிப் பாதையாகவும் திறக்கப்பட்டது. 2016-இல் பாதை நீண்டது. கைவிடப்பட்ட காலத்தில் இளைஞர்கள் சுவர்களில் தீட்டிய ஓவியங்களையும் அழிக்காமல் விட்டார்கள். நல்ல காரியம்தான். இன்று எல்லாத் தரப்பு மக்களும் அங்கே நடக்கிறார்கள்.

நமது கேள்வி வேறு. பழைய கான்கிரீட்டுக்கு ‘வரலாற்றுச் சிறப்பு’ என்ற தகுதி எளிதில் கிடைக்கிறது. கட்டிய ஆண்டும் பொறியியல் முறையும் கட்டியவர் பெயரும் அதற்குப் போதும். பிளாக் பாட்டத்தை இடித்த இடத்தில் கட்டப்பட்ட லஃபாயெட் பார்க், கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவின் படைப்பு என்பதால், 2015-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்த மர வீடுகளுக்கு அந்தத் தகுதியைக் கேட்க யாரும் விடப்படவில்லை. கல்லும் காரையும் கொண்டு கட்டும் வசதி யாரிடம் இருந்ததோ, அவர்களுடைய வரலாறே ‘மரபு’ ஆகிறது. குடிசையிலும் ஓட்டு வீட்டிலும் வாழ்ந்து, வாழ்ந்த இடத்திலிருந்தும் துரத்தப்பட்ட மக்களின் பிள்ளைகளான நமக்கு இது விளங்காததல்ல.

ஆனாலும் டெட்ராய்ட் நமக்கு ஒரு வழியும் காட்டுகிறது. இடிப்பதற்காக நிலத்தைக் கையகப்படுத்தியபோது, நகர நிர்வாகம் பிளாக் பாட்டத்தின் வீடுகளையும் கடைகளையும் புகைப்படம் எடுத்தது. இழப்பீட்டுக் கணக்குக்காக எடுத்த அந்தப் படங்கள் டெட்ராய்ட் பொது நூலகத்தின் பர்ட்டன் வரலாற்றுத் தொகுப்பில் உள்ளன. அந்தத் தெருக்களை நினைவில் மீட்டெடுக்க இன்று உதவுபவை அவைதாம். அழிப்பதற்குத் தயாரித்த ஆவணம், அழிக்கப்பட்டவர்களின் சாட்சியாகிவிட்டது.

மாணவத் தோழர்கள் இந்த வேலையைக் கையில் எடுக்க வேண்டும். உங்கள் ஊரில் மேம்பாலத்துக்கோ ரயில் தடத்துக்கோ நிலம் எடுத்த கோப்புகளைத் தேடுங்கள். பெயர்களையும் சர்வே எண்களையும் படியெடுங்கள். பிறகு அந்தப் பெயர்களோடு தெருவுக்குப் போய், உயிரோடு இருக்கும் முதியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். பாலத்துக்கு அடியில் யார் வீடு இருந்தது, அவர்கள் எங்கே போனார்கள் என்று எழுதி வையுங்கள். முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்த ஆண்டே தொடங்குவோம்.