அறுபத்திரண்டுக்குப் பதின்மூன்று

நியூசிலாந்தும் பிரான்ஸும் முதன்முதலாக றக்பி ஆடியது 1906-ஆம் ஆண்டுப் புத்தாண்டு தினத்தில், பாரிஸின் பார்க் டே பிரின்ஸ் மைதானத்தில். பிரான்ஸுக்கு அதுதான் முதல் சர்வதேச ஆட்டம். எதிரே நின்றவர்களோ டேவ் கலஹர் தலைமையில் பிரித்தானியத் தீவுகளில் 32 ஆட்டங்கள் ஆடி, 830 புள்ளிகள் குவித்துவிட்டு வந்தவர்கள். அத்தனை ஆட்டங்களிலும் சேர்த்து அவர்கள் விட்டுக்கொடுத்தது வெறும் 39 புள்ளிகள். தோற்றது வேல்ஸிடம் மட்டும், 3–0. இங்கிலாந்தும் அயர்லாந்தும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஸ்கொட்லாந்து 7 எடுத்தது. பாரிஸில் முடிவு 38–8.

அந்த 8-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கார்டிஃப் கழகத்தைத் தவிர வேறு எவரும் அந்தச் சுற்றுப்பயணத்தில் கலஹரின் அணிக்கு எதிராக அவ்வளவு எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் பிறந்த ஓர் அணி இரண்டு ட்ரை போட்டிருக்கிறது. பத்து ட்ரை வாங்கிய அணி என்று அவர்களை யாராவது ஏளனம் செய்திருந்தால், அப்படிச் செய்தவருக்கு றக்பி தெரியாது என்றுதான் சொல்வேன்.

அன்று ஒரு ட்ரைக்கு 3 புள்ளிகள், இன்று 5. இன்றைய கணக்கில் போட்டால் அந்த 38–8 என்பது 58–12 ஆகும். 2015 ஒக்டோபர் 17-ஆம் திகதி, கார்டிஃப் மிலேனியம் அரங்கில், உலகக் கிண்ணக் காலிறுதியில் இதே இரு அணிகள் மோதியபோது முடிவு 62–13. ஏறக்குறைய அதே அடி. ஆனால் 1906-இல் பெருமையாக இருக்கக்கூடிய ஒரு தோல்வி, 2015-இல் பிரான்ஸுக்குத் தேசிய அவமானம் ஆனது; நியூசிலாந்துக்காரர்களுக்கோ பல ஆண்டு மூச்சை ஒரே காலையில் வெளியே விட்டது போலிருந்தது. இடையில் நடந்தவை தெரியாமல் இந்த இரண்டையும் விளங்கிக்கொள்ள முடியாது.

நான் கண்டிக்காரன். றக்பியை நான் கற்றது நித்தவெல மைதானத்து ஓரத்தில் நின்றுதான். டிரினிட்டிக் கல்லூரிக்கும் றோயல் கல்லூரிக்கும் 1945 முதல் நடந்துவரும் பிராட்பி கேடயப் போட்டி இரண்டு லெக் ஆட்டமாக நடக்கும். இரண்டு ஆட்டத்துப் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றி தோல்வி. அதனால் முதல் லெக் எவ்வளவு ஒருபக்கமாகப் போனாலும் பார்க்கிறவர்கள் எழுந்து போக மாட்டார்கள். இன்று வாங்கும் ஒவ்வொரு புள்ளியும் அடுத்த ஆட்டத்தில் கடனாக நிற்கும். இந்தப் பழக்கத்தோடுதான் நான் ஒக்லாந்தில் சான்ட்ரிங்ஹாம் பகுதிக்குக் குடிவந்தேன். மிளகாய்த்தூளும் கருவாடும் வாங்கிக்கொண்டு நடந்தால் ஈடன் பார்க்கின் விளக்குக் கம்பங்கள் தெரியும் ஊர் இது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய கார்க் கொட்டகையின் உட்சுவரில், பலகைக்கு மேல் பென்சிலால் எண்கள் வரிசையாக எழுதியிருக்கும். எல்லாம் பிரான்ஸோடு ஆடிய ஆட்டங்கள் மட்டும். வென்றவை மங்கிப்போன எழுத்தில். தோற்றவை இரண்டு மூன்று முறை அழுத்தி எழுதியவை. ஏன் பிரான்ஸ் மட்டும் என்று கேட்டேன். "மற்றவர்களிடம் தோற்றால் ஏன் தோற்றோம் என்று எங்களுக்குத் தெரியும்," என்றார்.

சுவரின் மேல்வரிகளை வேகமாகக் கடக்கலாம். 1954, கொலோம்ப்: 0–3, ஜான் பிரா போட்ட ஒரே ட்ரை, பிரான்ஸின் முதல் வெற்றி. 1979 ஜூலை 14, பிரெஞ்சுக்காரரின் தேசிய தினம், ஈடன் பார்க்: 19–24. ஒரு வாரத்துக்கு முன் கிரைஸ்ட்சேர்ச்சில் எளிதாகத் தோற்ற அதே அணி, பொன்முடி ஜான்-பியேர் ரீவ் தலைமையில் நியூசிலாந்து மண்ணில் தன் முதல் வெற்றியை எடுத்தது. பெரியவர் அன்று இளைஞராக அரங்கில் நின்றவர். 1986, நாந்த்: 3–16. பக் ஷெல்ஃபர்ட் விதைப்பை கிழிந்து, மைதான ஓரத்தில் தையல் போட்டுக்கொண்டு மறுபடி ஆடப் போன ஆட்டம். 1987-இல் முதல் உலகக் கிண்ண இறுதியை 29–9 என்று வென்றது மங்கிய எழுத்தில் இருக்கிறது. 1994, ஈடன் பார்க்: 20–23. கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் அணியின் தலைவர் பிலிப் சாந்த்ரே தன் பாதிக்குள் ஆழத்தில் பந்தைப் பிடித்து ஓடத் தொடங்க, கைமாறிக் கைமாறி ஜான்-லுக் சதுர்னி முடித்த அந்த ட்ரையை, உலகத்தின் அந்தக் கோடியில் போட்ட ட்ரை என்று பிரெஞ்சுக்காரர் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

1999-க்கு வந்தால் நின்றுதான் ஆக வேண்டும். ஒக்டோபர் 31, ட்விக்கன்ஹாம், உலகக் கிண்ண அரையிறுதி. இங்கே அப்போது திங்கள் விடியற்காலை. இரண்டாம் பாதித் தொடக்கத்தில் ஜோனா லோமு தன் இரண்டாவது ட்ரையைப் போட்டதும் 24–10. அதற்குப் பிறகு பிரான்ஸ் தொடர்ச்சியாக 33 புள்ளிகள் எடுத்தது. கிறிஸ்தோஃப் லமேசோன் தன் காலாலேயே அந்த நாளை எழுதினார். 43–31. அன்று காலை நான் வேலைத்தலத்துக்குப் போனபோது தேநீர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், கேத்தல் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இழவு வீட்டில் நுழைவது போல நானும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன்.

துக்கம் அன்றோடு முடிந்திருந்தால் அது அழகாகக்கூட இருந்திருக்கும். முடியவில்லை. பயிற்சியாளர் ஜோன் ஹார்ட் போகும் இடமெல்லாம் ஏச்சு வாங்கினார். கிரைஸ்ட்சேர்ச் அடிங்டன் பந்தயத் திடலில் அவருடைய குதிரை ஓடியபோது அதன்மேல் பியர் கேன்களை எறிந்தார்கள். வாயில்லாத பிராணி, அதற்கு பிரான்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? நாற்பது இலட்சம் பேர்கூட இல்லாத ஒரு நாடு, தன்னை உலகுக்குக் காட்ட ஒரே ஒரு விளையாட்டை நம்பியிருந்ததன் விலை அது.

2007 ஒக்டோபர் 6, கார்டிஃப், காலிறுதி. இங்கே ஞாயிறு காலை எட்டு மணி. ஆட்டத்துக்கு முன் ஹாக்கா நடனம் ஆடியவர்களின் மூச்சுக்காற்றுப் படும் தூரத்துக்கு நடந்துவந்து நின்றார்கள் பிரெஞ்சுக்காரர்கள். நியூசிலாந்து 13–0 என்று முன்னால் போனது. பிறகு டான் கார்ட்டர் காயத்தோடு வெளியேறினார். தியெரி துசோத்துவார் அன்று 38 டேக்கிள்கள் செய்தார், ஒரு ட்ரையும் போட்டார். 69-ஆவது நிமிடத்தில் யானிக் ஜோசியோன் போட்ட ட்ரைக்கு முன், திராயிடமிருந்து மிஷலாக்குக்குப் போன பந்து முன்னோக்கி எறியப்பட்டதை வீட்டிலிருந்த எல்லாரும் பார்த்தோம். நடுவர் வெயின் பார்ன்ஸ் பார்க்கவில்லை. 20–18. அவருக்கு வயது 28. அவருக்குக் கொலை மிரட்டல்கள் போயின. முன்னோக்கிப் போனது உண்மைதான். ஆனால் கடைசிப் பத்து நிமிடங்கள் கையில் பந்தை வைத்துக்கொண்டு ஒரு ட்ரொப் கோல்கூட அடிக்கத் தெரியாமல் நின்றது எங்கள் அணி. அதை ஒப்புக்கொள்ள இந்த ஊருக்குச் சில ஆண்டுகள் எடுத்தன. ஆனால் ஒன்று: இந்த முறை பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றியைத் துரத்தவில்லை, வைத்துக்கொண்டார்கள்.

2011-இல் அவர்தான் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தார், எங்கள் வீட்டிலிருந்து நடை தூரத்தில், மறுபடியும் பிரான்ஸுக்கு எதிராக. அந்தப் போட்டித் தொடரில் தொங்காவிடம் தோற்ற பிரான்ஸ் அது. 8–7. வைற்காத்தோ ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது அழைக்கப்பட்ட ஸ்டீபன் டொனால்டின் ஒரு பெனால்ட்டிதான் வித்தியாசம். பிரான்ஸின் ட்ரை யாருடையது? துசோத்துவாருடையது. கடைசி இருபது நிமிடங்கள் அறுபதாயிரம் பேர் இருந்த அரங்கிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு சத்தமும் வரவில்லை. அது வெற்றியல்ல, உயிர் பிழைத்தது.

இப்போது 2015. அதே கார்டிஃப், அதே காலிறுதி, அதே ஞாயிறு காலை எட்டு மணி. அந்த ஆண்டு உலகக் கிண்ண நேரத்தில் மதுச்சாலைகள் விடியலிலேயே திறக்க நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டிருந்ததால் கிங்ஸ்லாந்து பக்கம் காலையிலேயே கூட்டம். நான் பெரியவர் வீட்டில். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் மிஷலாக், ஆம், 2007-இன் அதே மிஷலாக், உதைத்த பந்தை பிரோடி ரெட்டாலிக் மறித்துப் பிடித்து ட்ரை போட்டார். மிஷலாக் காயத்தோடு வெளியே போனார். இடைவேளையில் 29–13.

யாரும் சிரிக்கவில்லை. "24–10-உம் இப்படித்தான் இருந்தது," என்றார் பெரியவர். எனக்குள் பிராட்பிக் கணக்கு ஓடியது. 1999-உம் 2007-உம் சேர்த்தால் நியூசிலாந்து 49, பிரான்ஸ் 63. பதினான்கு கடன். இடைவேளையில் நாங்கள் முன்னால் நின்றது வெறும் இரண்டு புள்ளிகள். இதைச் சொன்னதும் பெரியவரின் மகள் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார். பெரியவர் மட்டும் தலையாட்டினார்.

இரண்டாம் பாதியில் பிரான்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. நியூசிலாந்து எடுத்தது 33. 1999-இல் ட்விக்கன்ஹாமில் தொடர்ச்சியாக வாங்கிய அதே 33. மொத்தம் ஒன்பது ட்ரை. ஜூலியன் சவேயா மட்டும் மூன்று. ஒன்றில் அவர் டேக்கிள் செய்ய வந்தவர்களை மோதித் தள்ளிக்கொண்டு போனபோது அறையிலிருந்த எல்லார் வாயிலும் ஒரே பெயர் வந்தது: லோமு. ஐம்பதைத் தாண்டியபோதுதான் சத்தமே எழுந்தது. உலகக் கிண்ண வெளியேற்றச் சுற்றில் அதுவரை கண்டிராத வித்தியாசம் என்று வர்ணனையாளர் சொன்னதும் தெருவில் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் கேலியும் வந்தது. மகளின் நண்பர்கள் இளைஞர்கள், 1999-இல் தொட்டிலில் கிடந்தவர்கள். பிரெஞ்சு வீரர்களின் முகங்களைக் கமரா காட்டக் காட்டச் சிரித்தார்கள். துசோத்துவாரின் முகம் வந்தது. பெரியவர் எழுந்து நின்று, "அந்த ஆளைப் பார்த்து இந்த வீட்டில் சிரிக்கக் கூடாது," என்றார். அத்தோடு சிரிப்பு நின்றது. அந்த மனிதரின் கடைசிச் சர்வதேச ஆட்டம் அது. எங்களை ஒரு முறை வீட்டுக்கு அனுப்பியவர், இன்னொரு முறை ஒரு புள்ளியில் விட்டவர்.

அன்று பிரான்ஸின் பயிற்சியாளர் யார் தெரியுமா? 1994-இல் தன் பாதிக்குள்ளிருந்து ஓடத் தொடங்கிய அதே சாந்த்ரே. அப்படி ஓடிய நாட்டின் அணி ஏன் கால்கள் கட்டப்பட்டது போல ஆடியது என்பதற்கு, அங்குள்ள கழகங்களின் பணமும் செல்வாக்கும் தேசிய அணியை விழுங்கிவிட்டதுதான் காரணம் என்று அந்நாட்டவரே எழுதினார்கள். நானும் அதையே நம்புகிறேன். நட்சத்திரங்களை வெளிநாடுகளிலிருந்து விலைக்கு வாங்கும் கழகங்களில் உள்ளூர்ப் பையன்களுக்கு இடம் சுருங்கியிருந்தது. தேசிய அணி ஒன்றாகப் பயிற்சி எடுக்கக் கிடைத்ததோ சொற்ப நாட்கள். எண்பது நிமிடங்களில் உடைந்தது அந்த நாட்டின் றக்பி அமைப்பு. பதினைந்து பேரை மட்டும் பழிப்பது நியாயமில்லை.

அடுத்த வாரம் அரையிறுதியில் நியூசிலாந்து தென்னாபிரிக்காவை 20–18 என்று வென்று, பிறகு கிண்ணத்தையும் எடுத்தது. நவம்பர் 18-இல் லோமு இறந்தார், வயது 40. பிரான்ஸுக்கு எதிராகத்தான் அவர் தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடினார், 19 வயதில்.

கலஹரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரிஸில் அந்த முதல் ஆட்டத்தை வழிநடத்தியவர், 1917 ஒக்டோபர் 4-இல் பஸ்சென்டேல் போரில் காயமடைந்து இறந்து, பெல்ஜியத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார். இவ்விரு நாடுகளும் 2000-இலிருந்து போட்டியிடும் வெற்றிக்கிண்ணம் அவர் பெயரில்தான் இருக்கிறது. பிரான்ஸோடு எங்களுக்கு இருப்பது வெறும் பகை என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பெயரை நினைவூட்டுவேன்.

பிரான்ஸ் எழுந்தது. 2021 நவம்பரில் பாரிஸில் 40–25. 2023 செப்டெம்பர் 8-இல் உலகக் கிண்ணத் தொடக்க ஆட்டத்தில் 27–13. உலகக் கிண்ணக் குழுச் சுற்றில் நியூசிலாந்து தோற்றது அதுவே முதல் தடவை. சனி காலை பெரியவர் பென்சிலை அழுத்தி எழுதினார், ஆனால் முகத்தில் கோபமில்லை. நல்ல எதிரி திரும்பி வந்த நிறைவு இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஏழு வாரம் கழித்து இறுதி ஆட்டம், தென்னாபிரிக்காவிடம் 12–11 என்று தோல்வி. நடுவர் வெயின் பார்ன்ஸ். எங்கள் தலைவர் சாம் கேனுக்குச் சிவப்பு அட்டை. ஒரு ட்ரை திருப்பி எடுக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் போன அதே வகை மிரட்டல்கள் பார்ன்ஸுக்கும், இந்த முறை அவர் குடும்பத்துக்கும் போயின. சில நாட்களில் அவர் ஓய்வை அறிவித்தார். எங்கள் பகுதிக் கடையில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, மிரட்டியவர்களுக்காகப் பரிந்து பேசிய ஒருவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டேன். இன்னும் பேசவில்லை.