பெயர் தாங்கிய ஓவியங்கள்

இரண்டாம் உலகப் போரின்போது செக் நாட்டின் தெரேசின் கோட்டை நகரை, யூதர்களை அடைத்துவைக்கும் இடமாக நாத்சிகள் மாற்றினர். அங்கு கொண்டுவரப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. 1942 டிசம்பரில் அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ். 1898இல் வியன்னாவில் பிறந்து, வைமாரின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்ற ஓவியர் அவர்.

சிறுவர்க்கு முறையான கல்வி அங்கே தடைசெய்யப்பட்டிருந்தது. பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் வாழ்ந்த அவர்களுக்கு ஃபிரீடல் ஓவியம் கற்பித்தார். கிடைத்த பழைய தாள்களில் பூக்களும், விட்டுவந்த வீடுகளும், அடுக்குக் கட்டில்களும் உருப்பெற்றன. அவர்களை ஓவியர்களாக்குவது அவர் நோக்கமன்று. அச்சத்தில் சிதறிய உள்ளங்களை மீட்பதே அவர் விரும்பியது. வரைந்த தாளில் தம் பெயரையும் எழுதச் செய்தார். எண்ணாக்கப்பட்ட பிள்ளை அங்கே மீண்டும் மனிதப்பிறவி ஆயிற்று.

1944 அக்டோபரில் அவர் அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் பயின்ற பிள்ளைகளுள் பெரும்பாலோரும் மாண்டனர். இரு பெட்டிகளில் அவர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 4,500 ஓவியங்கள் பிழைத்தன. பிராகா நகரின் யூத அருங்காட்சியகம் இன்று அவற்றைக் காத்துவருகிறது.

தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் நல்லாயனை அறிந்தவர்கள் நாம். ஆயினும் நம் மறைக்கல்வி வகுப்புகளில் பிள்ளைகள் வரைந்து நீட்டும் தாளில் எதைத் தேடுகிறோம்? கோட்டின் நேர்த்தியையா, அதை வரைந்த உள்ளத்தையா? பரிசு ஒருவருக்கே கிட்டலாம். பெயர் சொல்லிப் பாராட்டும் அன்போ அனைவருக்கும் உரியது.