சாபம் என்றனர்!

வாஷிங்டன் மாநகரின் பத்தாவது தெருவிலே நிற்கிறது போர்டு நாடக மன்றம். செங்கற் கட்டிடம், வளைவு வாயில்கள், உள்ளே மேடை. காண வருவோர் அனைவரும் மேடையைவிட, அதன் வலப்புறத்தே உயரத்தில் உள்ள ஒரு மாடத்தைத்தான் அண்ணாந்து பார்க்கின்றனர். 1865 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டது அங்கேதான். கீழ்த்தளக் காட்சியகத்திலே, கண்ணாடிப் பேழைக்குள், உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கைத்துப்பாக்கியும் இருக்கிறது.

அந்த இடம் முதலில் நாடகத்துக்கு உரியதன்று. 1833-லே பாப்டிஸ்ட் சபையார் எழுப்பிய தேவாலயம் இருந்த இடம் அது. சபையார் வேறிடம் சென்றபின், 1861-லே ஜான் போர்டு எனும் நாடக முதலாளி அதனைக் குத்தகைக்கு எடுத்தார். தொழுத இடத்திலே கூத்தா, இதைச் செய்பவனுக்குப் பெருங்கேடு சூழும் என்று சபையைச் சேர்ந்த ஒருவர் எச்சரித்தார் என்பது வழிவழியாக வரும் பேச்சு. 1862 டிசம்பர் 30-லே கட்டிடம் தீக்கிரையாயிற்று. புதிதாகக் கட்டி 1863 ஆகஸ்டிலே திறந்தார் போர்டு. ஈராண்டு நிறையுமுன் நாட்டின் தலைவர் அங்கே சாய்ந்தார். 1893 ஜூன் 9-லே உட்புறத் தளங்கள் இடிந்து 22 பேர் மாண்டனர். லிங்கனைக் கொன்றவனின் அண்ணனுக்கு நியூயார்க் நகரிலே இறுதிச் சடங்கு நடந்த நாளும் அதுவே! சாபத்தை நம்புவோருக்கு இதைவிடப் பெரிய விருந்து ஏது?

விருந்தை ஒதுக்கிவைத்து, விளக்கைக் கையில் எடுப்போம்.

முதல் தீயை மூட்டியது பழுதுபட்ட எரிவாயுக் கருவி. 1893-லே நடந்தது என்ன? கொலைக்குப் பின் கட்டிடத்தை அரசே கைப்பற்றி, மேடையையும் இருக்கைகளையும் நீக்கி, மூன்று அடுக்கு அலுவலகமாக்கிவிட்டது. குமாஸ்தாக்கள் தலைக்கு மேலும் கீழுமாக அமர்ந்து எழுதிக்கொண்டிருக்க, அடித்தளத்திலே மின்விளக்கு இயந்திரத்துக்காக மண்ணைத் தோண்டினர். தாங்கி நின்ற தூண் நிலைகுலைந்தது, தளங்கள் சரிந்தன. மாண்டோர் 22 பேர், காயமுற்றோர் 68 பேர். இதிலே ஆண்டவன் கோபம் எங்கே? சரியாக முட்டுக்கொடுக்காமல் தோண்டிய அலட்சியம்தான் அங்கே இருந்தது. நம் ஊரிலும் வீடு சரிந்தால், கொத்தனாரைக் கேட்குமுன் சோதிடரைக் கேட்கும் பழக்கம் உண்டல்லவா!

எஞ்சியது நடுவே நிகழ்ந்த கொலை. அதற்குத்தான் ஆழமான விளக்கம் தேவை.

கொன்றவன் வழிப்பறிக்காரன் அல்லன்; புகழ்பெற்ற நடிகன், ஜான் வில்க்ஸ் பூத். 1863 நவம்பர் 9-லே இதே மன்றத்தில் அவன் நடிக்க, லிங்கன் அமர்ந்து பார்த்திருக்கிறார். அவனுக்கு வரும் கடிதங்கள்கூட இங்கேதான் வரும். கடிதம் வாங்க வந்தபோதுதான் அன்றிரவு தலைவர் வருகிறார் என்பதை அறிந்தான். நாடகம் அவனுக்கு மனப்பாடம். எந்த இடத்திலே அவையோர் வெடித்துச் சிரிப்பர் என்பது தெரியும். அந்தச் சிரிப்பொலியிலே வெடியோசை மறையட்டும் என்று காத்திருந்து சுட்டான், மேடைமீது குதித்தான், கொடுங்கோலருக்கு என்றும் இதுவே கதி என்னும் பொருளுடைய இலத்தீன் வாசகத்தை முழங்கி ஓடினான். அடிமை விலங்கை உடைத்தவர் கொடுங்கோலராம்! எதிர்வீட்டுக்குத் தூக்கிச் செல்லப்பட்ட லிங்கன், மறுநாள் காலை 7.22-க்கு மறைந்தார்.

அன்று பெரிய வெள்ளி. அந்தப் புனித நாளிலே தலைவர் நாடகத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாகாதா என்று பாதிரிமார் சிலர் பிரசங்கத்திலேயே வருந்தினர். குண்டு வந்த திசையை விட்டுவிட்டு, குண்டுபட்டவர் அமர்ந்திருந்த இடத்தைக் குறை கூறிய வருத்தம் அது.

குண்டு வந்த திசையை அறிய மூன்று நாள் பின்னோக்கிச் செல்லவேண்டும். ஏப்ரல் 9-லே தென்னாட்டுத் தளபதி லீ சரணடைந்தார். 11-ஆம் நாள் இரவு வெள்ளை மாளிகைச் சாளரத்தில் நின்று லிங்கன் பேசினார். கறுப்பின மக்களிலே கற்றறிந்தோருக்கும், போர்வீரராகப் பணிபுரிந்தோருக்கும் வாக்குரிமை அளிப்பதையே தாம் விரும்புவதாகக் கூறினார். எல்லோருக்கும் என்றுகூட அவர் சொல்லவில்லை, சிலருக்கு என்றார். கூட்டத்தில் நின்ற பூத்துக்கு அதுவே பொறுக்கவில்லை. இதுதான் இவர் பேசும் கடைசிப் பேச்சு என்று உடன் நின்றவனிடம் உறுமினான்.

கடத்திச் செல்ல முன்பே சதி செய்தவன்தான்; எனினும் அந்த இரவிலேதான் கடத்தல் கொலையாக முற்றியது. அடிமை முறையை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுனை 1859-லே தூக்கிலிட்டபோது, படையுடை அணிந்து காவல் நின்று அதைக் கண்டவன் இவன்.

பிறவிக் குணம் என்று கூறித் தப்பவும் வழியில்லை. அண்ணன் எட்வின் பூத்தும் நடிகரே. தம்பியினும் பெரும்புகழ் பெற்றவர். அவரோ லிங்கனுக்கு வாக்களித்தவர். இரயில் நிலையத்திலே தண்டவாளத்தின் பக்கம் விழ இருந்த லிங்கனின் மகன் இராபர்ட்டைப் பற்றி இழுத்துக் காத்தவரும் அவரே. ஒரே வீடு, ஒரே தொழில். கொண்ட கொள்கை வேறு!

பூத்தை 12 நாளிலே வேட்டையாடிச் சுட்டுக்கொன்றனர். உடந்தையானோரில் நால்வரைத் தூக்கிலிட்டனர். அவனை ஏவிய வெறி மட்டும் அகப்படவில்லை. நிறம் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்ற திருத்தம் 1870-லே அரசியல் சட்டத்தில் ஏறியது. பின்னர்க் கிளம்பின குறுக்குவழிகள்: வாக்கு வரி, எழுத்தறிவுச் சோதனை, அடி, உதை. ஏட்டிலே உரிமை, சாவடியிலே தடை! வாக்குரிமையைக் காக்க உறுதியான சட்டம் வர 1965 ஆகிவிட்டது. லிங்கன் மறைந்து சரியாக நூறாண்டு.

போர்டு மன்றம் பழைய தோற்றத்துக்கே மீட்டமைக்கப்பட்டு, 1968 ஜனவரியிலே மீண்டும் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே நாடகம் நடக்கிறது. திறந்த மூன்றாம் மாதம், ஏப்ரல் 4-ஆம் நாள், மெம்பிஸ் நகரிலே மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் நின்றது ஒரு தங்கும் விடுதியின் மாடியிலே. அந்த விடுதிக்கு எந்தச் சாபமும் இல்லை.