வி. எஸ். ராமச்சந்திரன்: ஆய்வுக் கட்டுரைகளும் மேற்கோள் தாக்கமும்

விளையனூர் எஸ். ராமச்சந்திரன் (பிறப்பு 1951) தமிழ்நாட்டில் பிறந்த நரம்பறிவியலாளர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவமும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் முனைவர் பட்டமும் முடித்து, 1983 முதல் அமெரிக்காவில் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 2007-இல் பத்மபூஷண் பெற்றார். நூல்களும் சொற்பொழிவுகளும் அவர் பெயரை வெகுதூரம் கொண்டுசென்றன. ஆனால் சக ஆய்வாளர்கள் ஓயாமல் மேற்கோள் காட்டிவருவது, அவருடைய மிகச் சிறிய ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றையே.

முதல் இருபது ஆண்டுகள் பார்வை ஆய்வில் கழிந்தன. இரு கண்களால் ஆழத்தை உணர்வது பற்றி அவர் மாணவராக இருந்தபோதே எழுதிய கட்டுரையை ‘நேச்சர்’ இதழ் வெளியிட்டது. 1988-இல் அதே இதழில் வந்த கட்டுரை, நிழலைக் கொண்டு மூளை வடிவத்தை எப்படி அறிகிறது என்று காட்டியது. மேல்பாதி வெளிறி, கீழ்ப்பாதி இருண்ட ஒரு வட்டம் நமக்கு மேடாகத் தெரியும். தாளைத் தலைகீழாகப் பிடித்தால் அதுவே குழியாகிவிடும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை முடிவுகட்டியிருப்பதே காரணம்.

திருப்பம் 1992-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. நரம்பு துண்டிக்கப்பட்ட குரங்குகளில், கைக்குரிய மூளைப் பகுதி முகத்தைத் தொட்டால் தூண்டப்படுவதை டிம் போன்ஸ் குழுவினர் 1991-இல் கண்டிருந்தனர். மனிதரிடத்தும் அப்படித்தானா என்று பார்க்க ராமச்சந்திரனுக்குத் தேவைப்பட்டது ஒரு பஞ்சுக் குச்சி மட்டும். இடக்கை துண்டிக்கப்பட்டு நான்கு வாரமே ஆன 17 வயது இளைஞர், கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்தார். கன்னத்தில் குச்சி பட்டதும், கன்னத்தோடு சேர்த்து, இல்லாத கையின் விரலிலும் தொடுகையை உணர்ந்தார். உடலுறுப்புகளுக்குரிய மூளை வரைபடத்தில் கைக்கு அடுத்த வீடு முகம். வெற்றிடமான கைப் பகுதிக்குள் முகத்தின் உணர்வு புகுந்திருக்கிறது என்று ராமச்சந்திரன் விளக்கினார்.

அடுத்தது கண்ணாடிப் பெட்டி. 1995-இல் ‘நேச்சர்’ இதழிலும் 1996-இல் ராயல் சொசைட்டியின் இதழிலும் அதைப் பற்றி எழுதினார். மேல்மூடி இல்லாத அட்டைப்பெட்டி. நடுவில் நிறுத்திய ஒரு கண்ணாடி. நல்ல கையின் பிம்பம், இழந்த கை இருக்கவேண்டிய இடத்தில் விழும். இழந்த பின்னும் இருப்பதாகத் தோன்றி, இறுகிக் கிடந்த மாயக் கை அசைவதாக நோயாளிகள் பலர் உணர்ந்தனர். சிலருக்கு வலி தணிந்தது. இதே முறையைப் பக்கவாதத்தால் தளர்ந்த கைக்குப் பயன்படுத்திய ஆய்வு 1999-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. எழுத்தைக் கண்டால் நிறம் தோன்றும் புலன்கலப்பு குறித்து எட்வர்ட் ஹப்பர்டுடன் 2001-இல் எழுதிய கட்டுரை, அந்தத் துறையில் இன்றும் முதலில் படிக்கக் கொடுக்கப்படுபவற்றுள் ஒன்று.

ஆய்வாளரின் தாக்கத்தை அளக்க இன்று பரவலாகப் பயன்படும் எச்-குறியீட்டை 2005-இல் முன்வைத்தவர் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ். அவரும் சான் டியேகோக்காரரே. ஒருவருடைய 40 கட்டுரைகள் தலா 40 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் குறியீடு 40. ராமச்சந்திரன் போன்றோருக்கு இந்த அளவுகோல் போதாது. ஒரு கட்டுரை ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்றாலும் கணக்கில் அது ஒன்றுதான்.

மேற்கோள் எல்லாம் உடன்பாடும் அல்ல. பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் தூண்டப்படும் கண்ணாடி நியூரான்களின் கோளாறே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று அவர் கூறியதைப் பலர் சான்றோடு மறுத்திருக்கின்றனர். டமார் மேக்கின் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இல்லாத கையில் மாய வலி மிகுந்தவர்களின் மூளையில் பழைய கைப் பகுதி அழியாமல் இயங்குவது தெரியவந்தது. வலிக்கு மூளை வரைபட மாற்றமே காரணம் என்ற கருத்து இதனால் ஆட்டம் கண்டது. ஓரிரு நோயாளிகளை வைத்துப் பெரிய முடிவு சொல்வது ராமச்சந்திரன் முறையின் பலம், பலவீனமும் அதுவே. அந்த முடிவுகளை எடைபோட மற்றவர்களின் கட்டுப்பாட்டு ஆய்வுகள் தேவைப்பட்டன.

கண்ணாடி முறையைச் சோதித்த அத்தகைய ஆய்வொன்று 2007-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. வாஷிங்டன் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், காலை இழந்தவர்கள் நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு வாரம் பயிற்சி செய்தனர். மூடிய கண்ணாடியோடு பயின்ற 6 பேரில் ஒருவருக்கும், மனக்கண்ணில் மட்டும் காலை அசைத்துப் பார்த்த 6 பேரில் இருவருக்கும் வலி குறைந்தது. கண்ணாடியைப் பார்த்துப் பயின்ற 6 பேருக்குமே குறைந்தது.