கார் பிரேக் சத்தம்

பிரேக் மிதிக்கும்போதோ, மிதிக்காமல் ஓடும்போதோ காரின் சக்கரப் பக்கமிருந்து எழும் கிரீச்சொலி, உரசல், அரைப்பு ஆகியவற்றைப் பொதுவாகப் பிரேக் சத்தம் என்கிறோம். இவற்றில் பலவும் காதுக்குத்தான் தொல்லை. சில, வண்டியை அன்றைக்கே நிறுத்திவைக்க வேண்டியவை. எது எந்த வகை என்பதைச் சக்கரத்தைக் கழற்றும் முன்பே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

சக்கரத்தோடு சுழலும் தட்டை, அதாவது டிஸ்க்கை, அழுத்திப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கோடு கூடவே சத்தமும் பிறந்தது. இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் காப்புரிமை பெற்ற டிஸ்க் பிரேக்கில் உலோகத்தை உலோகமே பற்றியதால் அலறல் தாங்க முடியவில்லை. பின்னர் அதே நாட்டின் ஹெர்பர்ட் ஃபுரூட் ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் (உராயும் படலம்) கொடுத்து அதை அடக்கினார். அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்று தெரிந்து பல நாடுகள் அதைத் தடைசெய்தது பிந்தைய கதை.

லைனிங்கைத் தாங்கி டிஸ்க்கை அழுத்தும் பேடு அதன்மேல் சீராக வழுக்குவதில்லை. பற்றி, நழுவி, மறுபடி பற்றுகிறது. இந்த நடுக்கம் டிஸ்க்கின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும்போது வார்ப்பிரும்புத் தட்டு முழுவதும் கோயில் மணிபோல் ஒலிக்கிறது. ஆகவே கிரீச்சிட்டாலே பிரேக் பிடிக்காது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. நன்றாகப் பிடிக்கும் புதுப் பேடும் கத்தும்.

இரவெல்லாம் மழையில் நின்ற கார் காலையில் முதல் சில பிரேக்குகளில் உரசினால் அது டிஸ்க்கில் படிந்த மேல்துரு. ஓட்ட ஓட்டப் போய்விடும். நாள் முழுவதும் விடாத மெல்லிய கீச்சொலி, பேடில் பொருத்திய எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுவதாக இருக்கலாம். லைனிங் ஏறக்குறைய 2–3 மி.மீ.க்குத் தேய்ந்ததும் தொடும்படி வேண்டுமென்றே வைக்கப்பட்ட தகடு அது. மிதிக்கும்போது கரகரவென்று காலுக்கே உணரும்படி அரைத்தால் லைனிங் தீர்ந்து இரும்பு டிஸ்க்கைச் சுரண்டுகிறது. அதற்குமேல் ஓட்டக் கூடாது. பிரேக்குக்குத் தொடர்பே இல்லாமல் திடீரென்று தகரம் உரசும் ஓசை கிளம்பினால், டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தூசித் தகட்டுக்கும் நடுவே சிறு கல் சிக்கியிருக்கும். பேடு மாற்றச் சொல்லும் பட்டறைக்காரரிடம் பணம் கொடுப்பதற்கு முன் இந்தக் கல்லைத் தேடிப் பார்ப்பது நல்லது. வளைவில் திரும்பும்போது கூடிக் குறையும் முனகல் வீல் பேரிங்கின் வேலை, பிரேக்குடையது அல்ல.

கழற்றிப் பார்ப்பதானால் சமதளம் வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தி, பிறகு தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது, ஸ்டாண்டு அவசியம்.

சக்கரத்தின் இடைவெளி வழியே எட்டிப் பார்ப்பவருக்கு வெளிப் பேடு மட்டுமே தெரியும். உள் பேடு முழுதாகத் தேய்ந்திருக்க, வெளிப் பேடு பாதி மீதமிருப்பது அடிக்கடி காணும் காட்சி. பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் கேலிப்பர், சிறிய கார்களில் இரண்டு ஸ்லைடு பின்களின்மேல் முன்னும் பின்னும் நகர்வது. ஸ்லைடு பின் காய்ந்து இறுகிவிட்டால் ஒரு பேடு மட்டும் டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டு தேயும், சூடாகும், கத்தும். கீழ் போல்ட்டைக் கழற்றி, கேலிப்பரை மேலே தூக்கிக் கம்பியால் கட்டிவைத்துவிட்டு (ஹோஸில் தொங்கவிடலாகாது) பின்னை விரலால் இழுத்தால் வழுவழுவென்று வர வேண்டும். வராவிட்டால் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் தடவினால் போதும். வழக்கமான பேரிங் கிரீஸ் ரப்பர் உறையை உப்பவைத்துவிடும். அதே போல அதிகச் சூடு தாங்கும் பிரேக் கிரீஸைப் பேடின் முதுகிலும் அதன் காதுகள் உட்காரும் கிளிப்பிலும் மெலிதாகப் பூசினால் சாதாரணக் கிரீச்சொலி பெரும்பாலும் அடங்கும். உராயும் முகத்தில் ஒரு பொட்டுகூடப் படக் கூடாது. சத்தம் போக டிஸ்க்கில் எண்ணெய் தெளிக்கும் வழக்கம் தற்கொலைக்குச் சமம்.

லைனிங் 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால், இடது வலது இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே பேடு மாற்ற வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன்மேலேயே பொறித்திருக்கும். புதுப் பேடுக்கு இடம் கொடுக்கக் கேலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பாவில் பிரேக் ஆயில் ஏறி வழியலாம். அது பெயிண்டை அரிக்கும்.

பல சிறிய கார்களின் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்தான். அங்கே சத்தத்துக்குப் பாதிக் காரணம் உள்ளே சேர்ந்த தூசி. காற்றடித்து ஊதாமல் பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்க வேண்டும். பெடல் தரை வரை இறங்குவது, ஆயில் கசிவு, எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள பின்சக்கரக் கேலிப்பர் ஆகியவை வீட்டு வேலை அல்ல.

எல்லாம் மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்து அழுத்தம் ஏற்ற வேண்டும். இல்லையெனில் முதல் மிதிக்குப் பிரேக் இருக்காது. பிறகு வெறிச்சோடிய சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து முழுக்க நிற்காமல் 10 கி.மீ. வரை சில தடவை மிதமாகக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டால் புதுப் பேடு டிஸ்க்கோடு படிந்துவிடும்.