கோட்டைக்குள் கோட்டை

சங்ககிரி மலைக்கோட்டையில் ஏறுவோர் ஒரு வாயிலைக் கடந்ததும் கோட்டைக்குள் வந்துவிட்டதாக எண்ணுவர். சற்று மேலே மற்றொரு மதிலும் மற்றொரு வாயிலும் எதிர்ப்படும். தீரன் சின்னமலையைக் கம்பெனியார் 1805-இல் தூக்கிலிட்டது இந்தச் சங்ககிரியிலேதான். புறமதில் வீழினும் அகமதில் காக்கும் என்பது கோட்டை கட்டியோர் கருத்து. கணினி வல்லுநரும் கோட்டைக்குள் கோட்டை கட்டினர். ஆனால் காவலின் திசையைத் திருப்பிவிட்டனர். உள்ளே அடைபட்டிருப்பவனிடமிருந்து வெளியே உள்ளவரைக் காப்பதே அங்கு மதிலின் வேலை.

2011-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் சேலம், நாமக்கல் சிற்றூர்களுக்கும் வந்தன. விண்டோஸ் ஒருபுறம், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மறுபுறம் என ஒரே பெட்டியில் இரண்டு இயக்குதளங்கள் இருந்தன. இது ஒரு வீட்டில் இரு குடித்தனம் அன்று. ஒருவர் உறங்கும்போது மற்றவர் முழு வீட்டையும் ஆளும் ஏற்பாடு. விழித்திருப்பவர் நினைத்தால் உறங்குபவரின் பெட்டகத்தைத் திறந்துவிடலாம். இடையே சுவர் இல்லை.

அந்தச் சுவரை எழுப்பும் முயற்சி மிகப் பழையது. ஐ.பி.எம். நிறுவனத்தார் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் 1964-இல் தொடங்கிய சி.பி.-40 என்னும் அமைப்பு, ஒரே பொறியைப் பல பொறிகளாகத் தோன்றச் செய்தது. ஒவ்வொரு பயனரும் தமக்கென ஒரு முழுக் கணினி இருப்பதாகவே எண்ணினர். மெய்நிகர் கணினி என்று நாம் சொல்வது இதுவே. 1972-இல் வி.எம்./370 வெளிவந்தது. அதனை உடைக்க முடியுமா என்று அந்நிறுவனத்தாரே ஆராய்ந்து 1976-இல் முடிவை வெளியிட்டனர். கண்ட குறைகளுள் ஏறக்குறைய எல்லாம் உள்ளீடு, வெளியீடு சார்ந்தவை. சுவர் உறுதிதான், பண்டம் போய்வரும் திட்டிவாசலே பலவீனம்.

நாற்பதாண்டுகள் கடந்தும் கதை மாறவில்லை. 2015-இல் ‘வெனம்’ என்று பெயரிடப்பட்ட பிழை வெளிப்பட்டது. கியூஇஎம்யூ என்னும் மென்பொருளில் நெகிழ்வட்டு இயக்கியைப் போலி செய்யும் பகுதியில் அது 2004 முதலே ஒளிந்திருந்தது. உள்ளே அடைபட்ட தீய நிரல் அவ்வழியே வெளியேறக்கூடும் என்று கண்டனர். நெகிழ்வட்டை எவர் பயன்படுத்தினர்? எவரும் பயன்படுத்தாத கதவாயிற்றே, அதனால்தான் எவரும் அதைத் தட்டிப் பார்க்கவில்லை! 2018-இல் வெளிப்பட்ட ஸ்பெக்டர், மெல்ட்டவுன் குறைகளோ செயலியின் அடித்தளத்திலேயே இருந்தன.

நாமக்கல்லில் லாரி அலுவலகம் நடத்தும் நண்பர் ஒருவர், விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும் பழைய கணக்கு நிரலை மெய்நிகர் கணினிக்குள் வைத்திருக்கிறார். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றுவிட்டது. “இனிப் பயமில்லையே?” என்று கேட்டார். உள்ளிருப்பது கெட்டால் வெளியே பரவுவது அரிது என்றேன். ஆனால் வெளிக்கணினி கெட்டால் உள்ளிருக்கும் கணக்கு அனைத்தும் கெட்டவன் கைக்குப் போகும் என்பதையும் சொன்னேன். பிறகு உட்கணினியின் இணையத்தை அறுத்தோம். இருபுறமும் பொதுவாய் இருந்த கோப்புறையை நீக்கினோம். நகலெடுத்து ஒட்டும் வழியையும் அடைத்தோம். எஞ்சியது அச்சுப்பொறி. அதுவும் ஒரு வாயிலே என்றேன். ரசீது இன்றி லாரி எப்படிப் புறப்படும் என்று கேட்டுவிட்டு, அதை அப்படியே விட்டுவைத்தார்.